மறு: சறுக்குக்கோணமா, தாங்குகோணமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> 'ஆங்கிள் ஆஃப் ரிப்போஸ்' என்பதற்கு 'ஓய்வுக்கோணம்' என்றே வைத்துவிடலாமே?

வைக்கலாம். மணல் போன்றவை சரியாமல் எவ்வளவு சாய்வு வரை நிற்கும் என்பதைச் சொல்லும் கோணம் அது. ஆனால் தரையில் பரப்பிய மணலும் ஓய்வுநிலையில்தான் இருக்கிறது. இதற்கு மேல் சாய்ந்தால் நிற்காது என்கிற எல்லைதான் இங்கே விஷயம். அது 'ஓய்வு' என்ற சொல்லில் வரவில்லை.

பள்ளிப் பாடநூலில் உள்ள 'சறுக்குக்கோணம்' மரக்கட்டைக்குப் பொருந்தும். கட்டை வைத்த பலகையை மெல்லத் தூக்குகிறோம். ஈர்ப்பு விசையின் ஒரு கூறு கட்டையைச் சரிவின் வழியே இழுக்கிறது. இன்னொரு கூறு பலகையோடு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைப் பொறுத்ததுதான் உராய்வு. சாயச் சாய இழுப்பு கூடும், அழுத்தம் குறையும், கடைசியில் கட்டை வழுக்கிவிடும். அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட், நிலை உராய்வுக் குணகத்துக்குச் சமம் (அழுத்தத்தில் எத்தனை பங்கு வரை உராய்வு பிடித்து நிறுத்தும் என்ற எண் அது). குணகம் 0.6 என்றால் சுமார் 31 பாகை. நிறை இரண்டு கூறிலும் இருப்பதால் அடிபட்டுப் போகிறது. கட்டை பெரிதா சிறிதா என்ற கேள்வியே இல்லை.

குவியல் கதை வேறு. டிப்பர் கொட்டிவிட்டுப் போன மணலைப் பாருங்கள். உச்சியில் ஒரு சட்டி மணல் போட்டால் கொஞ்சம் தாங்கும், சட்டென்று ஒரு பக்கம் சரியும், அடி அகலும். சாய்வு மட்டும் பழையபடியே நிற்கும். உலர்ந்த ஆற்று மணலுக்கு ஏறக்குறைய 30 முதல் 35 பாகை. எம்-சாண்ட் துகள்கள் முனைமுனையாக இருப்பதால் இன்னும் செங்குத்தாக நிற்கும். ஆக, சரியத் தொடங்கும் கோணம் ஒன்று, சரிந்து முடிந்தபின் நிற்கும் கோணம் ஒன்று. பின்னது சில பாகை குறைவு. முன்னதற்குச் சறுக்குக்கோணமே இருக்கட்டும். பின்னதற்குத் 'தாங்குகோணம்' என்பது என் பரிந்துரை.

---

ஐயா,

பிரித்தது சரி, சொல்தான் இடிக்கிறது. கட்டடப் பொறியியலில் மண்ணின் 'தாங்குதிறன்' ஏற்கெனவே புழங்குகிறது. அஸ்திவாரத்துக்கு அடியில் உள்ள மண் எவ்வளவு சுமை தாங்கும் என்பது அது. ஒரே மண் பரிசோதனை அறிக்கையில் தாங்குதிறனும் தாங்குகோணமும் அடுத்தடுத்து வந்தால், இதையும் சுமைக் கணக்காகத்தான் படிப்பார்கள்.

சரிந்து அமைந்த கோணம் என்றுதானே சொல்ல வருகிறீர்கள்? 'அமைகோணம்' போதுமே. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "லேசான ஈரம் பட்ட மணலின் அமைகோணம் உலர்மணலைவிட அதிகம், சொதசொதவென்று ஊறிவிட்டால் அமைகோணம் வெகுவாகக் குறையும்." எனக்கு உறுத்தவில்லை.