புதுப்பிப்பு: மசக்கை வாந்தி, இப்போது கொஞ்சம் பரவாயில்லை

தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்று முன்பு புலம்பியிருந்தேனே, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சிறுநீரில் கீட்டோன் (சாப்பாடு போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வருவது) இருந்ததால் மும்பை செம்பூரில் டாக்டர் உடனே டிரிப்ஸ் ஏற்றினார். அப்புறம் குமட்டலுக்கு டாக்ஸிலமின் என்ற மருந்தும் வைட்டமின் பி6-உம் சேர்ந்த மாத்திரை, ராத்திரி படுக்கும்போது. காலைக் குமட்டல் நன்றாகவே குறைந்திருக்கிறது. குக்கர் ஆவி வாசனைதான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா சாதத்தை நன்றாக ஆறவைத்து, மோர் ஊற்றி, மாட்டுங்காவில் வாங்கிய உப்பு நார்த்தங்காயோடு தருகிறாள். அது தங்குகிறது.

“எல்லாருக்கும் வர்றதுதானே” என்பவர்களுக்கு: நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று 2023-ல் ஆய்வு வந்திருக்கிறது. மனசு பலவீனம் இல்லை. எடை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, நாள் முழுக்க எதுவுமே தங்காவிட்டாலோ, சிறுநீர் அடர்மஞ்சளானாலோ தயவுசெய்து காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.