மேசை ஏன் பெண்பால்? புது பிரெஞ்சு டீச்சர் கேட்கிறேன்

மாயவரத்து_டீச்சர்:
மூன்று மாதமாக மயிலாடுதுறையில் ஒரு தனியார் பள்ளியில் பிரெஞ்சு எடுக்கிறேன். எம்.ஏ. முடித்த கையோடு வந்தவள், வகுப்பெடுத்த அனுபவம் கிடையாது. பிளஸ் ஒன்னில் 38 பேர். பத்தாவது வரை தமிழ் படித்துவிட்டு மார்க்குக்காக இந்தப் பக்கம் வந்தவர்கள். சேர்ந்த அன்று ஒரு புத்தகமும் பழைய கேள்வித்தாள் கட்டும் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பள்ளியில் வேறு பிரெஞ்சு ஆசிரியர் இல்லை.

பிள்ளைகள் ஒவ்வொரு வரிக்கு மேலும் பென்சிலால் தமிழில் எழுதி வைத்துப் படிக்கிறார்கள். 'போன்ழூர்' (வணக்கம்) என்றால் அந்த ன் ஆணி அடித்த மாதிரி விழுகிறது. போன வாரம் மேசை பெண்பால் என்றேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்ப மேசைக்கு எப்ப மிஸ் கல்யாணம்?" நானும் சிரித்துவிட்டேன். ஆனால் என்ன பதில் சொல்வது?

காரைக்கால்_வாத்தியார்:
31 வருஷம் எடுத்தேன் அம்மா, எனக்கும் பதில் தெரியாது. காரணத்துக்குள் போகாதீர்கள். மேசை என்ற சொல்லைத் தனியாகக் கரும்பலகையில் எழுதாமல், பெண்பாலைக் காட்டும் 'லா'வோடு சேர்த்து 'லா தாப்ல்' என்று ஒரே மூச்சில் பழக்குங்கள்.

மூக்கொலி எனக்குப் பிடித்த இடம். 'மரம்' என்பதை வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லச் சொல்லுங்கள். உதடு மூடாது, ஓசை மூக்கில் போய் நிற்கும். போன்ழூரில் வருவது அதுதான். பேச்சில் வரும் 'நான்' வெள்ளையைக் குறிக்கும் 'பிளான்' சொல்லுக்கு, 'அவன்' ரொட்டியைக் குறிக்கும் 'பேன்' சொல்லுக்கு. மூன்றும் நம் வாயில் இருப்பவைதான். எழுத்தைப் பார்த்ததும்தான் ன் வந்து உட்காருகிறது. முதலில் அந்தப் பென்சில் தமிழை அழிக்கச் சொல்லுங்கள்.

'ஆ' (இருக்கிறது), 'இல்' (அவன்) இரண்டும் கேள்வியில் சேர்ந்து 'ஆதில்' ஆகும்போது அந்தத் த் எங்கிருந்து வந்தது என்பார்கள். உடம்படுமெய்யை நினைவூட்டுங்கள். மணியடித்தான் என்பதில் ய் வந்த மாதிரிதான்.

எங்கள் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர், தெருவில் எங்களுடையது 'சொல்தா' (சிப்பாய்) வீடு. 1954 நவம்பர் 1-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறிய பிறகும் அவர் திட்டியது பிரெஞ்சில்தான். எனக்குக் காது அப்படிப் பழகியது. உங்கள் பிள்ளைகளுக்குத் திட்ட ஆளில்லை, தினம் 5 நிமிஷம் ஒலிப்பதிவாவது போடுங்கள்.

தஞ்சை_அக்கா:
ஐயா சொல்வது உச்சரிப்புக்குச் சரி. இலக்கணத்துக்கும் தமிழையே துணைக்கு அழைத்தால் பிள்ளைகள் அங்கேயே தங்கிவிடும், நான் பட்டிருக்கிறேன். பிரெஞ்சு மொழிச் சான்றிதழுக்கான டெல்ஃப் தேர்வின் ஆரம்பப் படியான ஏ1-ல் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25. மொத்தம் 50 வந்தாலும் ஒன்றில் 5-க்குக் கீழே போனால் தேற முடியாது. மனப்பாடக்காரர்கள் கேட்டலில்தான் கவிழ்வார்கள். இதைச் சொல்லி நிர்வாகத்திடம் ஒரு ஸ்பீக்கர் கேட்டுப் பார்.

அப்புறம், ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வாம்மா. என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார். என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லாமல் முதல் வருஷம் பாதி நாள் அழுதிருக்கிறேன்.

மாயவரத்து_டீச்சர்:
வரேன் அக்கா, இந்தச் சனிக்கிழமையே. ஐயா, 'மரம்' வேலை செய்துவிட்டது! 38 பேரும் மரம் மரம் என்று கத்தியதில் பக்கத்து வகுப்புக் கணக்கு சார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஸ்பீக்கர் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றார்கள்.

கல்யாணம் கேட்ட பையன் இன்றைக்கு, சைக்கிள் ஆணா பெண்ணா என்றான். பிசிக்ளெத் என்றால் பெண், வேலோ என்றால் ஆண், வண்டி ஒன்றுதான் என்றேன். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்கணும்.