லெஸ்டரில் ஒரு மத்தியதரைக்கடல் முன்வாசல்: பட்டதும் படிப்பதும்

இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து:

கிரீட் தீவுக்குப் போய்வந்த மயக்கத்தில், 2022 வசந்தத்தில் வீட்டு முன்னால் அதே மாதிரி ஒரு தோட்டம் போட்டேன். வீடு தெற்குப் பார்த்தது, நாள் முழுக்க வெயில் விழும். அது போதும் என்று நினைப்பு. தொட்டியில் ஒரு ஆலிவ், பூக்கதிர் நுனியில் முயல்காது நீட்டுமே அந்த பிரெஞ்சு லாவெண்டர் ஆறு, சிஸ்டஸ் என்கிற பூப்புதர் இரண்டு.

அந்த டிசம்பரில் ஒரு வாரத்துக்கு மேல் உறைபனி. ஆலிவ் இலையெல்லாம் பழுத்துக் கொட்டியது. தரையில் ஊன்றி வேர்பிடித்த மரம் மைனஸ் 10 வரைகூடத் தாக்குப்பிடிக்கும். தொட்டியில் நிற்பதற்கு வேரைச் சுற்றியும் குளிர்தானே.

லாவெண்டர் கதை வேறு. பிப்ரவரியில் ஒன்றைப் பிடித்து இழுத்தேன், அப்படியே கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து, ஊறவைத்த தேங்காய் நார் மாதிரி இருந்தது. மோந்து பார்த்தால் சாக்கடை வாடை. குழியில் தண்ணீர் தேங்கி நின்றது. எங்கள் மண் பானை வனையலாம் போன்ற களிமண். குளிரில் செத்தது என்று நான் அழுத செடி, மூழ்கிச் செத்திருக்கிறது.

இப்போது ஒரு அடி மேடு கட்டி, மண்ணில் பொடிக்கல் நிறையக் கலந்து, மேலே இரண்டு அங்குலம் சரளை பரப்பியிருக்கிறேன். லாவெண்டரில் இப்போது குளிர் தாங்கும் 'ஹிட்கோட்' ரகம்தான். வாங்குமுன் ஆர்.எச்.எஸ். (பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம்) தரும் குளிர்தாங்கும் குறியீட்டைப் பார்க்கிறேன்: எச்3 என்றால் மைனஸ் 5 வரைதான், எச்5 மைனஸ் 15 வரை. ஆலிவ் இடத்தில் வில்லோ இலைப் பேரி மரம். வெள்ளி இலை, தெருவிலிருந்து பார்ப்பவர்கள் ஆலிவ் என்றே நினைக்கிறார்கள். காயை மட்டும் வாயில் வைக்க முடியாது!

கொல்செஸ்டரிலிருந்து:

அக்கா, எங்கட வீட்டுக்குக் கிட்டத்தான் பெத் சாட்டோ எண்ட பேர்பெற்ற தோட்டக்காரியின்ட சரளைத் தோட்டம். 1990களின்ட தொடக்கத்தில, பழைய கார் நிறுத்துமிடத்தில போட்டது. தண்ணியே ஊத்துறேல்லை. ஆனா ஒண்டு, இது இங்கிலாந்திலயே மழை குறைஞ்ச பக்கம், அடிமண்ணும் சரளை. உங்கட களிமண்ணில அதை அப்பிடியே செய்யேலாது. மேடு கட்டினது நல்ல வேலை. முதல் வருஷம் மட்டும் தண்ணி விடுங்கோ, வேர் இறங்கட்டும்.

எடின்பரோவிலிருந்து:

நான் சொதப்பியது செடியைக் கத்தரித்துவிடுவதில். லாவெண்டர் பூ முடிந்ததும் ஆகஸ்டில், பச்சை இருக்கிற மட்டத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் அடிக்கட்டை வரை மொட்டையடித்தேன். எட்டில் ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. சிஸ்டஸுக்கும் இதே குணம்தான், பழைய கட்டையில் கைவைக்காதீர்கள்.

இன்னொன்று. எல்லாரும் நடச் சொல்லும் யூஃபோர்பியாவை வெறுங்கையால் வெட்டிவிட்டுக் கண்ணைத் தேய்த்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னேன். வீடியோவில் செடியைக் காட்டச் சொல்லி, ஒரு காம்பை ஒடிக்கச் சொல்லி, பால் வடிவதைப் பார்த்ததும், "ஏண்டா, கள்ளியைக் காசு கொடுத்தா வாங்கினே?" என்றார்.