சம்பா, கடை வேலை, படுக்கையில் மாமா: இந்த வருடம் எதைக் குறைப்பது?

மன்னார்குடிப் பக்கத்து மருமகள்:
வணக்கம். மன்னார்குடியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற கிராமம் எங்களுடையது. ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நஞ்சை. வாய்க்கால் பாசனம்தான், போர்வெல் கிடையாது. வீட்டுக்காரர் துபாயில் டிரைவர். நான் டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் போனால் வீடு திரும்ப இரவு 8 ஆகிவிடும். வயலை மாமாதான் பார்த்துக்கொண்டிருந்தார். சித்திரையில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அத்தைக்கு முழங்கால் வலி, அவரைத் தூக்கி உட்காரவைக்க முடியாது. பெரியவள் பத்தாம் வகுப்பு.

ஆடிப்பெருக்கு முடிந்துவிட்டது, நாற்று விட வேண்டிய நேரம். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. கொழுந்தனார், "குத்தகைக்கு விட்டுடுங்க அண்ணி" என்கிறார். நாத்தனார், வேலையை விட்டுவிட்டு அப்பாவைப் பாருங்கள் என்கிறார். என் சம்பளத்தில்தான் மாமாவின் மருந்தும் பிள்ளைகள் படிப்பும் ஓடுகிறது; வீட்டுக்காரர் அனுப்புவது வீட்டுக் கடனுக்கே சரி. மாமாவோ, பேச்சு குழறினாலும் தினமும் கேட்பது ஒன்றுதான்: "வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா?" நிலத்தைத் தரிசாகப் போட எனக்கு மனசே வரவில்லை.

மேட்டூரைத் திறந்துவிட்டாலும் எங்கள் மடைக்கு முறைத் தண்ணீர் பெரும்பாலும் ராத்திரியில்தான் வருகிறது. மேல் வயல்காரர் அடைத்துவைத்திருந்தால் மாமா ஒரு குரல் கொடுப்பார், திறந்துவிடுவார்கள். நான் மண்வெட்டியோடு போய் நின்றால், "வீட்டு ஆம்பளை யாரையாச்சும் வரச் சொல்லும்மா" என்கிறார்கள்.

நடவை விட்டு நேரடி விதைப்புக்குப் போனால் நிஜமாகவே என் வேலை குறையுமா? பகலில் மாமாவுக்கு என்ன வழி?

கடைமடை விவசாயி, திருத்துறைப்பூண்டி:
குறையும் தங்கச்சி. எங்கள் பக்கம் ரொம்ப காலமாகவே நேரடி விதைப்புதான். நாற்றங்கால், நாற்றுப் பறி, நடவு ஆள் மூன்றும் மிச்சம். புழுதி உழவு ஓட்டி விதைத்துவிட்டால் முதல் தண்ணீருக்கோ மழைக்கோ முளைத்துவிடும். ஆனால் களையில் அசந்தால் போச்சு. மண் நனைந்து 5 நாளுக்குள் பெண்டிமெத்தலின் களைக்கொல்லி அடித்துவிட வேண்டும், அப்புறம் ஒரு கைக்களை.

உங்களுக்கு முக்கியமானது நாள் கணக்கு. சி.ஆர். 1009 நெல் ரகம் என்றால் 155 நாளுக்கு மேல். ஆவணி முதல் வாரத்துக்குள் விதைத்தால் கைக்களை புரட்டாசியோடு முடிந்துவிடும், தீபாவளி வியாபாரத்தில் கடையில் லீவு கேட்டு நிற்க வேண்டாம். அறுவடையும் பொங்கல் கழித்துத்தான் வரும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காவல் இருக்க வேண்டிவரும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் காயவைக்கச் சொல்வார்கள். அந்த நாட்களுக்கு கொழுந்தனாரை இப்போதே பேசிவையுங்கள். யோசனை சொல்கிறவர் ஒரு வாரம் வந்து படுக்கட்டும்.

மடைக்கு நீங்கள் போகாதீர்கள். ஊரில் தண்ணீர் பாய்ச்சுகிற ஆளிடம் போகம் முழுக்கப் பேசி, கூலியை அறுவடையில் நெல்லாகக் கொடுங்கள். பயிர்க் காப்பீட்டையும் விடாதீர்கள். சம்பாவுக்கு நாம் கட்டும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். வி.ஏ.ஓ.விடம் சாகுபடிக் கணக்கான அடங்கல் வாங்கி நவம்பர் பிறக்கும் முன்பே கட்டிவிடுங்கள், ஐப்பசி மழையை நம்ப முடியாது.

ஒரத்தநாட்டு அக்கா:
என் அப்பாவுக்கும் இதே பக்கவாதம்தான். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். 2021-லிருந்து நடக்கிறது, காசு கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். எங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம், ஆளைத் தூக்கக் கூடாது என்பதுதான்: நல்ல பக்கமாக ஒருக்களித்துப் புரட்டி, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, தோளைத் தாங்கி எழுப்ப வேண்டும். அம்மா ஒரே ஆளாகச் செய்தார்.

வேலையை மட்டும் விடாதே கண்ணு. நாத்தனார் மாதம் இரண்டு ஞாயிறு வந்து அப்பாவைப் பார்க்கட்டும். மகளுக்கும் அந்தக் கடமை உண்டு.

மன்னார்குடிப் பக்கத்து மருமகள்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. தீபாவளியையும் களையையும் சேர்த்து நான் யோசிக்கவே இல்லை. நேரடி விதைப்பென்று முடிவு செய்துவிட்டேன். மாமாவிடம் சொன்னேன், "களை... களை" என்று இரண்டு தடவை சொன்னார். மடைக்குப் பாய்ச்சுகிறவரிடம் பேசியாயிற்று. நாத்தனாரிடம் வீட்டுக்காரரே பேசுகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை உழவு. அண்ணா, ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை?

கடைமடை விவசாயி, திருத்துறைப்பூண்டி:
டிராக்டர் விதைப்புக் கருவி கிடைத்தால் 30 கிலோ. கையால் தெளித்தால் 40 வைத்துக்கொள்ளுங்கள். கருவிக்கு வேளாண் பொறியியல் துறையில் கேட்டுப் பாருங்கள், வரிசையில் விழுந்தால் களை எடுப்பதும் சுலபம்.