தேர்வு எழுதிக் கொடுக்கப் பதினேழு வயதுப் பிள்ளைகளை நம்பலாமா?

வைகைக்கரை:
பார்வையற்ற என் தம்பி இளங்கலை வரலாறு படிக்கிறான். வரும் பருவத் தேர்வில் அவன் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு, பிளஸ் டூ முடித்த இரண்டு பிள்ளைகள் எங்கள் தெருவிலிருந்து தாமாகவே முன்வந்துள்ளார்கள். அப்பாவோ, கைபேசியிலிருந்து தலை நிமிராத வயதினரிடம் மூன்று மணி நேரத் தேர்வை எப்படி ஒப்படைப்பது என்கிறார். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

தமிழாசிரியர்:
சகோதரி, நானும் பார்வையற்றவன்தான். கல்லூரிக் காலத்தில் எனக்கு எழுதிய பெரியவர் ஒருவர், நான் சொன்ன வாக்கியங்களைத் தமக்குப் பிடித்தபடி மாற்றி எழுதினார் என்பதைத் தேர்வு முடிந்த பிறகே அறிந்தேன். அடுத்த தாளை எழுதிய பதினேழு வயது மாணவியோ, வினாவை இருமுறை வாசித்துவிட்டு, நான் யோசிக்கும்போது பேசாமல் காத்திருந்து, ஓரிடத்தில் வல்லினம் மிகுமா என்பதைக்கூடத் தானாக முடிவு செய்யாமல் என்னிடமே கேட்டு எழுதினார். பிழை நேர்ந்தாலும் அது என் பிழையாகவே இருக்க வேண்டும் என்று அவருக்குப் புரிந்திருந்தது. இந்த வயதினரைப் பொறுப்பற்றவர்கள் என்று பொதுவாகச் சொல்பவர்களுடன் அன்றிலிருந்து என்னால் ஒத்துப்போக முடிவதில்லை.

ஓய்வுபெற்ற திட்ட அலுவலர்:
தேர்வர் தாமே அழைத்து வரும் எழுத்தரின் கல்வித் தகுதி தேர்வரைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறியதால், பட்டப்படிப்புத் தேர்வுகளுக்கு இந்த வயதினரைத் தேடுவது இயல்பாக இருந்தது. மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம் உண்டு என்பதால், மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவைக் கணக்கு இருப்பதால் சான்றிதழுக்காகவே வருகிறார்கள் என்ற பேச்சு உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனாலும் கணக்கு முடிந்த பிறகும் இந்தப் பணிக்கென்றே வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கல்லூரியின் விதிகளைக் கேட்டு முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். ஒருவர் வர இயலாமல் போனால் மற்றவர் எழுதுவதற்கும் சேர்த்தே கேளுங்கள்.

முதலாமாண்டு மாணவி:
அக்கா, நான் ஆறு தாள்கள் எழுதியிருக்கிறேன். கை வலியைவிட, விடை தெரிந்தும் வாய் திறக்காமல் இருப்பதுதான் கடினம். ஒருமுறை, நான் யாருக்காக எழுதினேனோ அந்த அண்ணன் தவறான ஆண்டைச் சொன்னபோது அப்படியே எழுதினேன். வீட்டுக்கு வந்து அழுதேன். ஆகவே தம்பியும் அவர்களும் ஒரு பழைய வினாத்தாளை வைத்து முழுநேர ஒத்திகை பார்க்கட்டும். தம்பி எந்த வேகத்தில் சொல்வார், பத்தியை எங்கே முடிப்பார், அடிக்கோடு வேண்டுமென்றால் எப்படிக் குறிப்பிடுவார் என்பதெல்லாம் அதில்தான் பிடிபடும். நீங்கள் சொன்ன இருவரில் யாருடைய கையெழுத்து தெளிவாக இருக்கிறது என்று அப்பாவையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.