கசிவா, பொசிவா, போக்கா?

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். மகப்பேற்றுக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 14ஆம் பக்கத்தில் ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். கருவுற்ற தொடக்கத்தில், மாதவிடாய் வரவேண்டிய நாளையொட்டிச் சிலருக்குக் கொஞ்சமாக இரத்தம் படும். கரு கருப்பைச் சுவரில் ஒட்டுவதால் வருவது என்பார்கள். அதையும் மாதவிடாயையும் பிரித்துக்காட்டும் அட்டவணைதான் அந்தப் பக்கம். பழைய பதிப்பில் ‘உள்வைப்பு இரத்தப்போக்கு’ என்று இருக்கிறது. படிப்பவர் கருத்தடை வளையம் வைத்ததால் வருவது என்றல்லவா நினைப்பார்? மாற்றுச் சொல் தாருங்கள்.

புலவர்:
‘உள்வைப்பு’ போகட்டும், ‘போக்கு’ அதைவிடக் கேடு. வயிற்றுப்போக்கு, வெள்ளப்போக்கு என்று அளவு மிகுந்து ஓடுவதற்கே அது வரும். இங்கே படுவதோ நாலு துளி. நெல்லுக்கு இறைத்த நீர் வாய்க்கால் வழியோடிப் புல்லுக்கும் ‘ஆங்கே பொசியுமாம்’ என்று மூதுரையில் சிறுவயதிலேயே படித்திருக்கிறோம். அந்தப் பொசிவு எங்கே போயிற்று? கரு ஒட்டுவதற்குப் ‘பதியம்’ இருக்கிறது. ‘பதியப் பொசிவு’ என்க. ‘இரத்தம்’ என்று ஒட்டவும் வேண்டாம், வேண்டுமானால் குருதி.

இலக்கண ஆசிரியர்:
பதியம் செடிக்கு. கொம்பை வளைத்து மண்ணில் புதைப்பது அது. தாயிடமிருந்து பிரியாத கொம்பு. கரு வெளியிலிருந்து வந்து ஒட்டுகிறது, உவமை கோணுகிறது. ‘கருப்பதிவுக் கசிவு’ எனலாம். பதிவுக்கும் கசிவுக்கும் இடையே வலி மிகும், ஒற்றை விட்டுவிடாதீர்கள். வினைத்தொகையாக வேண்டுமென்றால் ‘பதிகசிவு’. பதிவது கசிவல்லவே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆடரங்கில் ஆடுவது அரங்கா?

செவிலியர்:
‘கருப்பதிவு’ வேண்டவே வேண்டாம் ஐயா. கர்ப்பிணியின் பெயரைப் பதிவேட்டில் எழுதுவதைத்தான் ‘கர்ப்பப் பதிவு’ என்கிறோம். ‘பதிவுக் கசிவு’ என்றால் பதிவேடு ஒழுகுகிறது என்பார்கள். எங்களிடம் வருகிறவர்கள் சொல்வது ‘லேசா பட்டுச்சு’, ‘பொட்டுப் பொட்டா இருந்துச்சு’. அதிலிருந்து ஒரு சொல் எடுக்கக் கூடாதா?

மகப்பேற்று மருத்துவர்:
சொல்லுக்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம். சினைமுட்டை வெளிப்பட்ட 6 முதல் 12 நாட்களுக்குள் கரு ஒட்டுகிறது. பெரும்பாலோருக்கு 8, 9, 10ஆம் நாட்களில். மாதவிடாயோ சினைமுட்டை வெளிப்பட்டு ஏறத்தாழ 14ஆம் நாள். ஒட்டுவதால்தான் இரத்தம் என்றால் அது சில நாள் முன்னதாகவே வர வேண்டும். 2003இல் வெளியான ஓர் ஆய்வு 151 கருத்தரிப்புகளைத் தினசரிச் சிறுநீரில் ஹார்மோன் பார்த்துத் தொடர்ந்தது. முதல் 8 வாரத்துக்குள் 14 பேருக்கு இரத்தம் பட்டது. அது வந்தது மாதவிடாய்த் தேதியையொட்டி. கரு ஒட்டிய நாளில் வந்தது அரிது. அந்த 14 பேரில் 12 பேருக்குக் குழந்தை உயிருடன் பிறந்தது. ஆகவே ‘பதிவு’, ‘பதியம்’, ‘ஒட்டல்’ எதைச் சேர்த்தாலும் நிறுவப்படாத காரணத்தைப் பெயரிலேயே எழுதிவிடுகிறோம். காலத்தைச் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்லாதீர்கள்.

அட்டவணையிலும் நிறத்தை முதல் வரிசையில் போடாதீர்கள். இளஞ்சிவப்பு, பழுப்பு என்றால் கரு, செக்கச் சிவப்பு என்றால் மாதவிடாய் என்று எழுதி ஏமாற்ற வேண்டாம். மாதவிடாயின் முதல் நாளும் பழுப்பாக இருக்கலாம். அளவும் போக்கும் கொஞ்சம் உதவும். மாதவிடாய் 2 முதல் 7 நாள் இருக்கும், முதல் இரண்டு நாளில் கூடி அப்புறம் குறையும், கட்டிகள் வரலாம். மற்றது சில மணி நேரமோ ஓரிரு நாளோ. கூடாது, நாப்கின் நனையாது, கட்டி இராது. அடிவயிற்று வலி, மார்பக வலி இரண்டிலும் உண்டு, அவற்றை நம்பிப் பயனில்லை.

செவிலியர்:
கடைசியில் சோதனைதான் சொல்லும், அதையும் அம்மா எழுதிவிடுங்கள். மாதவிடாய் தள்ளிப்போன நாளிலிருந்து, காலை முதல் சிறுநீரில். பெட்டியில் போட்டிருக்கும் நிமிடத்துக்குள் கோட்டைப் பார்க்க வேண்டும். காய்ந்த பிறகு தெரியும் மங்கல் கோடு கணக்கில்லை. இல்லை என்று வந்து, மாதவிடாயும் வராவிட்டால் 2, 3 நாள் கழித்து மறுபடி. சோதனை காட்டும் கர்ப்ப ஹார்மோனான எச்.சி.ஜி. தொடக்கத்தில் 2, 3 நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய இருமடங்காகும், அதனால்தான் காத்திருக்கச் சொல்வது.

புலவர்:
மருத்துவர் அம்மா காரணம் வேண்டாம் என்பது சரி. ஆனால் ‘உதிரம்’ என்ற சொல்லை யாரும் தொடவில்லையே! உதிர்வது உதிரம். கருப்பை உட்சுவர் உதிர்ந்து வருவதே மாதவிடாய். இதைவிடத் துல்லியம் எந்த மொழியில் உண்டு? மாதவிடாயில் ‘விடாய்’ என்பது தாகம், களைப்பு. கருவுற்றவளை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்கிறோம். மாதக் குளியல் நின்றதே அடையாளம். தொல்காப்பியக் கற்பியலில் ‘பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும்’, அதாவது பூப்புக்குப் பின் பன்னிரண்டு நாளும், தலைவன் பிரிந்திருத்தல் ஆகாது என்பதையும் நினைக்க.

இலக்கண ஆசிரியர்:
உதிரம் ‘ருதிரம்’ என்ற வடசொல்லின் தற்பவம் ஐயா. ரகரம் மொழிக்கு முதலில் வராதென்று உதிர்ந்ததுதான் அங்கே உண்மையான உதிர்வு. தூய தமிழ் கேட்டு வந்து வடசொல்லை மாலை போட்டு அழைக்கிறீர்கள்.

மகப்பேற்று மருத்துவர்:
28 நாள் சுழற்சியில் கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்களில் முதல் சில நாள் அந்த ஈராறுக்குள் வருகின்றன என்பது உண்மை. 14ஆம் பக்கத்துக்கு அது உதவாது. இதைச் சேருங்கள்: அந்தச் சிறு கசிவை மாதவிடாய் என்று எண்ணி, கடைசி மாதவிடாய்த் தேதியாகச் சொன்னால் கர்ப்ப வாரக் கணக்கு ஏறக்குறைய 4 வாரம் பிந்திவிடும். தொடக்க மாதங்களில் எடுக்கும் ஸ்கேன்தான் அதைத் திருத்தும்.

கட்டம் கட்டிப் போட வேண்டியது இன்னொன்று. சோதனையில் கரு உண்டென்று தெரிந்து, இரத்தமும் பட்டால், அளவு சிறிதென்று வீட்டிலேயே இருக்கக் கூடாது, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம் இருந்தால் உடனே மருத்துவமனை. கரு கருப்பைக்குள் வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். மணிக்கொரு நாப்கின் என்று இரண்டு மணி நேரம் நனைந்தாலும் அப்படியே. எந்தச் சொல்லை வைத்தாலும், ‘இது சாதாரணக் கசிவுதான்’ என்று அது அவளைத் தூங்கவைத்துவிடக் கூடாது. என் கவலை அதுதான்.

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:
குழுவில் வந்த வாக்குகளை எண்ணினேன். காலத்தை மட்டும் சொல்லும் ‘தொடக்கக் கசிவு’க்கு நால்வர், ‘பொசிவு’க்கு ஒருவர், ‘பொட்டுக் கசிவு’க்கு இருவர். தலைப்பில் ‘தொடக்கக் கசிவு’ என்றும், முதல் வரியில் ‘பொட்டுப் பொட்டாகப் படும் இரத்தம்’ என்றும் போட்டுவிட்டேன். ‘இரத்தம்’ அப்படியே இருக்கிறது, புலவர் ஐயா பொறுத்தருள்க.

புலவர்:
பொறுத்தேன். ஏற்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்க.

செவிலியர்:
இப்போதுதான் 31ஆம் பக்க மெய்ப்பைப் பார்த்தேன். பனிக்குடம் உடைந்து நீர் வருவதற்கும் ‘கசிவு’ என்றே போட்டிருக்கிறீர்களே. அதற்கு உடனே ஓடிவர வேண்டும். ஒரே கையேட்டில் இரண்டு கசிவா?

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:
14ஆம் பக்கம் அச்சுக்குப் போய்விட்டது அம்மா. 31இல் ‘பனிக்குட நீர் வடிதல்’ என்று மாற்றிவிடுகிறேன்.

புலவர்:
பொசிவு என்று வைத்திருந்தால் இந்த இடர் வந்திராது.

இலக்கண ஆசிரியர்:
‘வடிதல்’ வெள்ளம் வற்றுவதற்கல்லவா?