ஃபுளோரைடு நானோபடிகக் கண்ணாடிப் பீங்கான்: ஒளி கூடினால் அயனி படிகத்துக்குள் போய்விட்டது என்று பொருளா?

உலைக்கரை:
1993இல் வாங், ஓவாக்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும், எர்பியம், இட்டெர்பியம் என்ற அருமண் தனிமங்கள் கலந்த ஆக்சிஃபுளோரைடு கண்ணாடியை (ஆக்சிஜனும் ஃபுளோரினும் சேர்ந்தது) சூடேற்றி, அதற்குள் ஈய-காட்மியம் ஃபுளோரைடு படிகங்களை ஏறத்தாழ 20 நானோமீட்டர் அளவில் வளர்த்துக் காட்டினார்கள். இப்படிக் கண்ணாடிக்குள் படிகம் வளர்ந்த பொருளே கண்ணாடிப் பீங்கான். அகச்சிவப்பை வாங்கிப் பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பித் தரும் அதன் ஒளிர்வு, வெறும் கண்ணாடியாக இருந்தபோது தந்ததைவிடப் பன்மடங்கு கூடியது. எர்பியம் அயனி முதலில் ஏறி நிற்கும் நிலைக்கும் அதற்குக் கீழுள்ள நிலைக்கும் இடையே ஏறத்தாழ 3,600 செ.மீ.⁻¹ (ஆற்றலை அளக்கும் அலகு) இடைவெளி இருக்கிறது. சிலிக்கா வலையின் அதிர்வு 1,100 அளவில் இருப்பதால், மூன்று நான்கு போனான்களே (அதிர்வாற்றலின் சிறு பொட்டலங்கள்) அந்த ஆற்றலை வெப்பமாகக் கரைத்துவிடும்; ஈய ஃபுளோரைடிலோ அதிர்வு 250 அளவே என்பதால் 14 போனான்கள் ஒருங்கே சேர வேண்டியிருக்கிறது; அது அரிது என்பதால் ஆற்றல் ஒளிக்கு மிஞ்சுகிறது.

ஈயத்தையும் காட்மியத்தையும் தவிர்த்துக் கால்சியம் ஃபுளோரைடு படியும் கண்ணாடியை நான் வார்த்தேன். 980 நானோமீட்டர் லேசரைச் செலுத்தியபோது, சூடேற்றாத துண்டில் மங்கலான கீற்றுதான் தெரிந்தது. சூடேற்றிய துண்டில் விளக்கை அணைக்காமலேயே பச்சை இழை ஒன்று முனைக்கு முனை தெரிந்தது. அயனிகள் படிகத்துக்குள் குடியேறிவிட்டன என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அலைநீளம்:
நீங்கள் சொன்ன போனான் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. அதிலிருந்து நீங்கள் எட்டும் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. ஒளி கூடியது என்பது விளைவு. அந்த விளைவுக்குப் படிகம் மட்டுமே காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கண்ணாடிக்குள் ஃபுளோரின் மிகுந்த துளிகள் படிகமாகாமலேயே பிரிந்து நிற்பதுண்டு. இட்டெர்பியமும் எர்பியமும் அங்கே நெருங்கி அமர்ந்தாலே ஆற்றல் கைமாறுவது விரைவாகும். படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் லேசர் உள்ளே நீண்ட தொலைவு அலைந்து, கூடுதலாக உறிஞ்சப்படுவதும் நடக்கலாம். உங்கள் துண்டு சூடேற்றிய பின் நீலம் பாரித்ததா என்பதைச் சொல்லுங்கள்.

மேலும், கால்சியத்தின் மின்னேற்றம் இரண்டு, எர்பியத்தின் மின்னேற்றம் மூன்று. ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமர்ந்தால், மிகுதியை ஈடுகட்டக் கூடுதல் ஃபுளோரைடு அயனி ஒன்று இடுக்கில் நுழைய வேண்டும். இப்படிப்பட்ட அயனிகள் கால்சியம் ஃபுளோரைடுக்குள் கொத்துக் கொத்தாகச் சேர்வது நெடுங்காலமாக அறிந்த செய்தி. அளவு மீறினால் அந்தக் கொத்துகளே ஒளியை அவித்துவிடும்.

உலைக்கரை:
கறுப்புத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால் இலேசான நீலம் தெரிகிறது. விளக்குக்கு எதிரே பிடித்தால் தேன் நிறம் தெரிகிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இவ்வளவு சிறிய படிகங்களின் சிதறல், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். 450 நானோமீட்டர் நீல ஒளி சிதறும் அளவில் ஏறத்தாழ 22இல் ஒரு பங்குதான் 980இல் சிதறும். கண்ணுக்கே இலேசாகத் தெரியும் சிதறல், லேசரை அலையவைத்து இத்தனை மடங்கு ஒளியைத் தந்துவிடும் என்பதை என்னால் ஏற்க முடியாது.

மூசை:
இடையில் ஒரு சொல். இந்த வாதத்தில் உருக்கும் வேலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். உருகும் குழம்பிலிருந்து ஃபுளோரின், சிலிக்கான் டெட்ராஃபுளோரைடு வாயுவாக ஓடிவிடும். பிளாட்டினம் மூசையை (உருக்கும் கலத்தை) மூடாமல் வைத்தவர்களின் கண்ணாடியில், எடைபோட்டுக் கலந்த ஃபுளோரின் அப்படியே இருப்பதில்லை. படிகம் 20 நானோமீட்டரோடு நிற்பதற்கும் இதே ஃபுளோரின்தான் காரணம் என்பது ஜெர்மனியின் ஜெனாவைச் சேர்ந்த கண்ணாடி ஆய்வாளர் ரூசெலின் விளக்கம்: கால்சியம் ஃபுளோரைடு படிகமாகப் பிரியப் பிரிய, சுற்றியுள்ள கண்ணாடியில் சிலிக்கா மிகுந்து, அது இறுகி வேலியாகிவிடுகிறது. எனவே மூடியிருந்ததா, எவ்வளவு எடை குறைந்தது என்பவற்றைச் சொல்லாமல் இரண்டு துண்டுகளை ஒப்பிடுவதில் பயனில்லை.

உலைக்கரை:
மூடித்தான் உருக்கினேன். இரண்டு துண்டுகளும் ஒரே வார்ப்பிலிருந்து அறுத்தவை.

அலைநீளம்:
ஒரே வார்ப்பு என்பது நல்ல செய்தி. சிதறல் பற்றிய என் ஐயத்தையும் விலக்கிக்கொள்கிறேன். 22 என்ற கணக்கு சரியானது. துளிகள் பற்றிய கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. அதற்குப் பச்சைப் பட்டையின் வடிவத்தைப் பாருங்கள். கண்ணாடியில் ஒவ்வோர் அயனியின் சூழலும் வெவ்வேறாக இருப்பதால் பட்டை மழுங்கி நிற்கும். படிகத்தில் அது கூரிய முகடுகளாகப் பிளக்கும். ஒளி அணையும் நேரத்தையும் சேர்த்து அளந்து இங்கே எழுதுங்கள்.

உலைக்கரை:
அளந்துவிட்டேன். சூடேற்றாத துண்டில் 545 நானோமீட்டரை ஒட்டி மழுங்கிய மேடு. சூடேற்றியதில் அதே இடத்தில் மெல்லிய முகடுகள். படிகம் உண்டு, அயனிகள் அதற்குள் உண்டு. ஆனால் ஒளி அணைவது ஒரே சீராக இல்லை. தொடக்கத்தில் விரைந்து விழுந்து, பிறகு நிதானமாக இறங்குகிறது. ஒரு பகுதி அயனிகள் இன்னும் சிலிக்காவிலேயே நிற்கின்றன என்று கொள்வதே நேர்மை. எல்லாம் குடியேறிவிட்டன என்ற பொருளில் நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

அலைநீளம்:
விரைந்து விழும் பகுதி சிலிக்காவில் நிற்கும் அயனிகளால் மட்டுமே வரும் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். படிகத்துக்குள் இருக்கும் கொத்துகளும் அதே வடிவைத் தரும். எர்பியத்தைப் பாதியாகக் குறைத்து, மூடிய மூசையில் இன்னொரு வார்ப்பு எடுங்கள். விரைந்த பகுதி சுருங்கினால் கொத்துகளே காரணம். சுருங்காவிட்டால் நீங்கள் சொன்னதே சரி என்று நானே இங்கே எழுதுகிறேன்.